70 எச்பி தோற்ற இடத்தில் 92 எச்பி ஜெயித்தது: சிவிக் விஎக்ஸ் மாற்றங்கள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

1992-இல் அமெரிக்காவில் ஒரு ஹோண்டா ஷோரூமுக்குள் போயிருந்தால், ஒரே உடம்போடு இரண்டு சிவிக் ஹேட்ச்பேக் கார்களைப் பார்த்திருக்கலாம். ஒன்று சிஎக்ஸ், 70 எச்பி. இன்னொன்று விஎக்ஸ், 92 எச்பி. இரண்டிலும் 1.5 லிட்டர் எஞ்சின்தான். பெட்ரோல் குறைவாகக் குடிப்பது எது என்று கேட்டால் முக்கால்வாசிப் பேர் யோசிக்காமல் 70 எச்பி வண்டியைத்தான் காட்டுவார்கள். ஆனால் அரசுச் சோதனையில் சிஎக்ஸ் கொடுத்தது நகரத்தில் கேலனுக்கு 42 மைல், நெடுஞ்சாலையில் 46. விஎக்ஸ் கொடுத்தது சுமார் 47, 56. நம் கணக்கில் சிஎக்ஸ் லிட்டருக்கு ஏறக்குறைய 18, 19.5 கிலோமீட்டர், விஎக்ஸ் 20, 24. (இவை பழைய சோதனை முறையில் வந்த எண்கள். 2008-இல் முறையை மாற்றியபோது பழைய கார்களின் மைலேஜையும் குறைத்துத் திருத்தினார்கள். ஒரே முறையில் வந்த எண்களைத் தங்களுக்குள் ஒப்பிடுவதில் தவறில்லை.)

"பிக்கப் வேணுமா, மைலேஜ் வேணுமா, ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க" என்று மெக்கானிக் ஷெட்டில் நாம் காலங்காலமாகக் கேட்டுவரும் கேள்விக்கு இந்தக் காரைவிட நல்ல பதில் எனக்குத் தெரிந்து இல்லை. அதனால்தான் இதை எடுத்துக்கொண்டேன். இன்னொரு காரணமும் உண்டு: முப்பது வருடமாக அமெரிக்காவில் கார் ஆர்வலர்கள் இந்த விஎக்ஸைப் பிரித்து, எஞ்சினை மாற்றி, கியர்பாக்ஸை மாற்றி, அடியில் தகடு அடித்து எல்லா வழியிலும் சோதித்துவிட்டார்கள். எதை மாற்றினால் எது போகும் என்பது இந்தக் காரில் ரொம்பத் தெளிவாகத் தெரிகிறது.

முதலில் ஹோண்டா என்ன செய்தது என்று பார்ப்போம். விஎக்ஸுக்கு முன்னால் மைலேஜுக்குப் பேர்போனது சிஆர்எக்ஸ் எச்எஃப். அதில் 62 எச்பி, நெடுஞ்சாலையில் 52 மைல் என்ற அளவில் இருந்தது. விஎக்ஸில் எச்பி கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி கூடியது, மைலேஜும் கூடியது. இதற்குக் காரணமான எஞ்சினின் பெயர் டி15இசட்1. 16 வால்வு, அவற்றைத் திறந்து மூடும் தண்டு (கேம்) ஒன்றே ஒன்று, அதில் விடெக்-ஈ என்ற ஏற்பாடு. விடெக் (வேகத்துக்கேற்ப வால்வு திறப்பை மாற்றும் ஹோண்டா நுட்பம்) என்றதும் 7000 ஆர்பிஎம்மில் அலறும் எஞ்சின்தான் பலருக்கு ஞாபகம் வரும். இது நேர் எதிர். சுமார் 2500 ஆர்பிஎம் வரைக்கும் ஒவ்வொரு சிலிண்டரிலும் இருக்கிற இரண்டு இன்டேக் வால்வுகளில் ஒன்று மட்டும்தான் ஒழுங்காகத் திறக்கும். இன்னொன்று, பெட்ரோல் அதன் பின்னால் தேங்காமல் இருக்கிற அளவுக்கு மட்டும் கொஞ்சமாகத் திறந்து மூடும். ஒரே பக்கத்திலிருந்து காற்று நுழைவதால் சிலிண்டருக்குள் பலமான சுழல் உண்டாகிறது. அந்தச் சுழலால் ஸ்பார்க் பிளக்கை ஒட்டி எரியக்கூடிய கலவையும் மற்ற இடத்தில் வெறும் காற்றுக்குப் பக்கமான கலவையும் நிற்கிறது. சாதாரண எஞ்சின் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று எடுத்துக்கொள்ளும். இது 20-ஐத் தாண்டிப் போகும். இதைத்தான் லீன் பர்ன் என்கிறார்கள். 2500-ஐத் தாண்டி மிதித்தால் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்து, சாதாரண 16 வால்வு எஞ்சினாக மாறி 92 எச்பி தரும்.

ஆனால் எஞ்சினை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான். எடை 950 கிலோ. பவர் ஸ்டீயரிங் கிடையாது. 13 அங்குல அலாய் சக்கரம், மெலிசான டயர், முன் பம்பருக்கு அடியில் காற்றைத் திருப்பும் உதடு. இவை எல்லாவற்றையும்விட முக்கியம் கியர்பாக்ஸ். என் பார்வையில் இந்தக் காரின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

அதைப் புரிந்துகொள்ள ஒரு சின்னக் கணக்கு. இந்த அளவுக் கார் சமதரையில் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓட எவ்வளவு சக்தி வேண்டும்? காற்றைத் தள்ள ஏறக்குறைய 8 கிலோவாட், டயர் உருள 3 கிலோவாட். மொத்தம் 11 கிலோவாட், அதாவது 15 எச்பி. அவ்வளவுதான். 70 எச்பி எஞ்சின் போட்டாலும் 125 எச்பி எஞ்சின் போட்டாலும் அந்த வேகத்தில் காருக்குத் தேவை 15 எச்பிதான். அப்படியென்றால் அதிக எச்பி எஞ்சின் ஏன் அதிகம் குடிக்கிறது? பெட்ரோல் எஞ்சினை அரைகுறை மிதியில் ஓட்டும்போது த்ராட்டில் தகடு காற்று வழியை மறித்து நிற்கிறது. ஸ்ட்ராவின் வாயை விரலால் பாதி மூடிக்கொண்டு இளநீர் உறிஞ்சுவது மாதிரி, எஞ்சின் மூச்சு இழுப்பதற்கே சக்தியைச் செலவழிக்கிறது. அதோடு ஆர்பிஎம் ஏற ஏற உள்ளே உராய்வும் ஏறுகிறது. ஆக, அதே 15 எச்பியைக் குறைந்த ஆர்பிஎம்மில், த்ராட்டிலை அதிகம் திறந்து எடுத்தால் செலவு குறைவு. அதிக ஆர்பிஎம்மில், த்ராட்டிலைக் கொஞ்சமாகத் திறந்து எடுத்தால் செலவு அதிகம். எது நடக்கும் என்பதைக் கியர்பாக்ஸ் தீர்மானிக்கிறது.

இப்போது விஎக்ஸின் பற்சக்கர விகிதங்களைப் பாருங்கள். ஐந்தாவது கியர் 0.702, ஃபைனல் டிரைவ் (சக்கரத்துக்குப் போகுமுன் வரும் கடைசிப் பற்சக்கர விகிதம்) 3.25. 165/70 ஆர்13 டயரோடு சேர்த்துக் கணக்குப் போட்டால் 100 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் சுற்றுவது 2150 ஆர்பிஎம். அதே தலைமுறை சிவிக்கின் வேகமான தம்பி எஸ்ஐ. அதில் ஐந்தாவது கியர் 0.750, ஃபைனல் டிரைவ் 4.25, 14 அங்குலச் சக்கரம். அதே வேகத்தில் 2930 ஆர்பிஎம். கிட்டத்தட்ட 800 சுற்று வித்தியாசம்! அமெரிக்க நெடுஞ்சாலைகளில் அப்போது உச்ச வரம்பு மணிக்கு 65 மைல், அதாவது 105 கிலோமீட்டர். அந்த வேகத்தில் விஎக்ஸ் சுமார் 2260 ஆர்பிஎம்மில் நிற்கும். விடெக்-ஈ மாறுகிற 2500-க்குக் கொஞ்சம் கீழே. சட்டப்படி ஓட்டுகிற வரைக்கும் லீன் பர்னை விட்டு வெளியே போகாத மாதிரி எஞ்சினையும் கியர்பாக்ஸையும் சேர்த்தே வடிவமைத்திருக்கிறார்கள். இதைப் பார்த்தபோது எனக்கு அந்தப் பொறியாளர்கள் மேல் உண்மையான மரியாதை வந்தது.

சரி, மாற்றத்துக்கு வருவோம்.

விஎக்ஸ் வாங்கியவர்கள் அதிகம் செய்த மாற்றம், எஸ்ஐயின் டி16இசட்6 எஞ்சினைத் தூக்கி உள்ளே வைப்பது. 1.6 லிட்டர், ஒரே கேம், அலறுகிற வகை விடெக், 125 எச்பி. இரண்டும் ஒரே டி குடும்பம் என்பதால் மவுண்ட் பொருந்தும், விஎக்ஸ் கியர்பாக்ஸ் அப்படியே பின்னால் மாட்டும். விஎக்ஸ் ஏற்கெனவே விடெக் கார் என்பதால் விடெக்கை இயக்கும் சோலனாய்டுக்குப் (மின் வால்வு) போகும் ஒயர்களும் காரின் ஒயர்க் கட்டிலேயே இருக்கின்றன. சிஎக்ஸ், டிஎக்ஸ் மாதிரி விடெக் இல்லாத வண்டியில் இதைச் செய்பவர்கள் புதிதாக ஒயர் இழுக்க வேண்டும். விஎக்ஸில் எஸ்ஐயின் பி28 ஈசியூவை (எஞ்சினை நடத்தும் கணினி) மாட்டி, புகையில் உள்ள ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சாரை ஐந்து ஒயர் வகையிலிருந்து நான்கு ஒயர் வகைக்கு மாற்றினால் பெரும்பகுதி வேலை முடிந்தது. இவ்வளவு சுலபமாகக் கைக்கு வரும் எஞ்சின் மாற்றம் அபூர்வம்.

இந்தக் கட்டத்தில்தான் ஆட்கள் இரண்டாகப் பிரிகிறார்கள். ஒரு பக்கம், எஞ்சினோடு எஸ்ஐ கியர்பாக்ஸையும் 15 அங்குலச் சக்கரத்தையும் சேர்த்துப் போடுபவர்கள். அவர்களுக்குக் கிடைப்பது எடை கொஞ்சம் குறைந்த ஒரு எஸ்ஐ. மைலேஜும் எஸ்ஐ மைலேஜ்தான், நெடுஞ்சாலையில் கேலனுக்கு 35 மைலை ஒட்டி, நமக்கு லிட்டருக்கு 15 கிலோமீட்டர். இன்னொரு பக்கம், எஞ்சினை மட்டும் மாற்றிவிட்டு கியர்பாக்ஸ், சக்கரம், டயர், அடி உதடு எதையும் தொடாதவர்கள். இவர்களில் பலர் நெடுஞ்சாலையில் 40 மைலைச் சுலபமாகத் தொடுவதாகச் சொல்கிறார்கள், அதாவது லிட்டருக்கு 17. எச்பி 36 சதவீதம் கூடியும் எஸ்ஐயைவிட அதிக மைலேஜ். இரண்டு வண்டியிலும் எஞ்சின் ஒன்றே, மாறியது அதைச் சுற்றி இருந்தவை மட்டும். எஞ்சினை மாற்றலாம், கியர்பாக்ஸைத் தொடாதீர்கள் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

பிக்கப் ஆசைப்படுபவருக்கு இதில் ஒரு விலை இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. விஎக்ஸ் கியர்பாக்ஸில் கியர்களுக்கு நடுவே இடைவெளி பெரிது. 7000 ஆர்பிஎம் வரை இழுத்தால் முதல் கியரிலேயே 70 கிலோமீட்டர் வந்துவிடும், இரண்டாவதில் 129. எஸ்ஐயில் அது 55, 94 என்று போகும். மூன்றாவது கியர் கணக்குப்படி 210-ஐத் தாண்டுகிறது, அதாவது அந்த வண்டி நிஜத்தில் எட்டக்கூடிய வேகத்துக்கும் மேலே. ஆக நான்கும் ஐந்தும் முழுக்க முழுக்கச் சிக்கனத்துக்கான கியர்கள். இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றும்போது 7000-இல் இருந்த எஞ்சின் 4240-க்கு விழுகிறது. இசட்6-இன் (டி16இசட்6) பெரிய கேம், அதாவது அதிக வேகத்துக்கான விடெக், பிடிப்பது 4800-ஐ ஒட்டி. அதனால் மூன்றாவது போட்டதும் வண்டி ஒரு கணம் தொய்ந்து, பிறகு எழும். சிக்னலில் நின்று புறப்படும்போதும் கிளட்சை நிதானமாக விடவேண்டும். இதெல்லாம் பந்தய மைதானத்தில் உறுத்தும். ஆனால் லாரியை முந்துகிற, மேட்டில் ஏறுகிற அன்றாடத் தேவைக்கு மூன்றாவது கியரில் 125 எச்பி தாராளம்.

அடுத்த விலை லீன் பர்ன். இசட்6 வந்ததும் அது போய்விடும். எவ்வளவு இழப்பு என்பதைக் கண்டுபிடிக்க நாம் சோதனை செய்யத் தேவையில்லை, கலிஃபோர்னியா ஏற்கெனவே செய்துவிட்டது. காற்று அதிகமாக இருக்கும் புகையில் சாதாரண கேட்டலிடிக் கன்வெர்ட்டரால் (புகையைச் சுத்தமாக்கும் கருவி) நைட்ரஜன் ஆக்ஸைடுகளை உடைக்க முடியாது. அந்த மாநிலத்தின் புகை விதிகள் கடுமையானவை. அதனால் அங்கே விற்ற விஎக்ஸில் லீன் பர்னைக் கட்டுப்படுத்தினார்கள். அதே கார், அதே எடை, அதே காற்றுத்தடை, ஆனால் மைலேஜ் சுமார் 44, 51. நெடுஞ்சாலையில் 56-இலிருந்து 51, அதாவது 9 சதவீதம். லீன் பர்னின் மதிப்பு அவ்வளவுதான். அது இல்லாமலேயே விஎக்ஸ் 70 எச்பி சிஎக்ஸைத் தோற்கடிக்கிறது என்பதையும் கவனியுங்கள். இதிலிருந்து 1.6 லிட்டரின் கூடுதல் உராய்வுக்கும் கொஞ்சம் கழித்தால், இசட்6 போட்ட விஎக்ஸ் பழைய சோதனை முறையில் 45-க்கு மேல் வரவேண்டும் என்பது என் கணிப்பு. சாலையில் 40 என்று வருவது இதோடு பொருந்துகிறது. பழைய சோதனையே கொஞ்சம் தாராளமானது, அப்புறம் 125 எச்பி கையில் இருக்கும்போது கால் சும்மா இருப்பதில்லை.

அமெரிக்க ஆர்வலர்கள் பல வருடம் ஏங்கியது இந்த 9 சதவீதத்தையும் விடாமல் எச்பியையும் கூட்டுவதற்குத்தான். இதற்கு விடை ஜப்பானில் இருந்தது. 1995-இல் அங்கே வந்த அடுத்த தலைமுறை சிவிக்கில் மூன்று நிலை விடெக் எஞ்சின் ஒன்று இருந்தது, டி15பி என்ற பெயரில். அடியில் ஒரு வால்வு மட்டும் வேலை செய்யும் லீன் பர்ன், நடுவில் சாதாரண 16 வால்வு, மேலே பெரிய கேம். 1.5 லிட்டரில் 130 எச்பி. அதை இறக்குமதி செய்து விஎக்ஸில் மாட்டியவர்கள் இருக்கிறார்கள். தாளில் பார்த்தால் இதைவிடச் சிறந்த ஜோடி கிடையாது. ஆனால் லீன் பர்னையும் மூன்று நிலைகளையும் சரியாக நடத்த அதற்கான ஈசியூவும் அகன்ற அளவு ஆக்ஸிஜன் சென்சாரும் சேர்ந்தே வேண்டும். பலர் எஞ்சினை வாங்கிவிட்டு சாதாரண ஈசியூவில் ஓட்டி, லீன் பர்னை இழந்து, இசட்6-க்குச் சமமான ஒன்றைத்தான் அடைகிறார்கள். அதற்கு இசட்6-ஐயே போட்டுவிடலாம், செலவாவது மிச்சம். அமெரிக்காவிலேயே 1996-இல் வந்த சிவிக் எச்எக்ஸில் 1.6 லிட்டர் விடெக்-ஈ, 115 எச்பி இருந்தது. அதுவும் ஒரு வழி, ஆனால் மின்னணு ஏற்பாடு அடுத்த தலைமுறையுடையது என்பதால் ஒயரிங் வேலை கூடும்.

அந்த ஐந்து ஒயர் சென்சாரைப் பற்றி ஒரு வார்த்தை. விஎக்ஸின் மைலேஜ் சரிந்துவிட்டது என்று புலம்புகிறவர்களில் பலருக்குக் காரணம் அது செத்துப்போனதுதான். சாதாரண சென்சார் கலவையில் பெட்ரோல் அதிகமா குறைவா என்று மட்டும் சொல்லும். இது எவ்வளவு என்று அளந்து சொல்லும். அது இல்லாமல் ஈசியூ லீன் பர்னுக்குள் போகத் துணியாது. விலை அதிகம் என்பதால் மலிவான நான்கு ஒயர் சென்சாரை ஒட்டுப்போட்டு ஓட்டப்பட்ட வண்டிகள் நிறைய. எஞ்சினை மாற்ற யோசிப்பதற்கு முன் இதைச் சரிசெய்து, உரசி நிற்கும் பிரேக்கை விடுவித்து, தெர்மோஸ்டாட்டைப் பார்த்து, வீல் அலைன்மென்ட் செய்து, பிறகு ஒரு டேங்க் ஓட்டிப் பாருங்கள். 92 எச்பியே போதும் என்று தோன்றினாலும் தோன்றும்.

காற்றுத்தடைப் பக்கம் இந்தத் தலைமுறை சிவிக்கை எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியும் என்பதற்கு ஒரு பிரபலமான உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவில் ஒருவர் தன் 1992 சிவிக் சிஎக்ஸுக்குப் பின்னால் படகு மாதிரி நீண்டு குறுகும் வால் ஒன்றை பிளாஸ்டிக் அட்டையில் கட்டி, பின் சக்கரங்களை மூடி, அடிப்பகுதியையும் மூடினார். ஏரோசிவிக் என்று பெயர். 65 மைல் வேகத்தில் நிதானமாகப் போகும்போது கேலனுக்கு 95 மைல், அதாவது லிட்டருக்கு 40 கிலோமீட்டர் என்பது அவர் சொன்ன அளவு. காற்றுத்தடை எண் 0.34-இலிருந்து 0.17-க்கு, சரிபாதிக்கு வந்ததாக அவர் கணித்தார். எல்லாரும் வால் கட்டிக்கொண்டு போக முடியாது, நிறுத்த இடம் வேண்டும். ஆனால் மேலே போட்ட கணக்கில் 11 கிலோவாட்டில் 8 காற்றுக்கே போகிறது என்பதை நினைத்துப் பாருங்கள், காற்றுத்தடையில் பத்து சதவீதம் குறைத்தாலே நெடுஞ்சாலையில் தெரியும். அடியில் ஒரு தட்டையான தகடு, முன் கிரில்லின் தேவையற்ற பாதியை மூடுவது, இவ்வளவு போதும். முக்கியமாக, காற்றுத்தடையைக் குறைப்பது மைலேஜுக்கும் உச்ச வேகத்துக்கும் ஒன்றாக உதவுகிற மாற்றம். எடைக் குறைப்பும் அப்படித்தான், பிக்கப்பையும் நகர மைலேஜையும் சேர்த்தே உயர்த்தும்.

இரண்டும் நேருக்கு நேர் மோதுகிற இடங்களும் உண்டு. எச்பி வேண்டுபவர் குளிர்ந்த காற்றைத் தேடி ஏர் ஃபில்டரைப் பம்பருக்குள் இறக்குவார். மைலேஜ் வேண்டுபவர் எக்ஸாஸ்ட் பக்கத்திலிருந்து சூடான காற்றை இழுப்பார், அடர்த்தி குறைந்த காற்றுக்கு த்ராட்டிலை அதிகம் திறக்க வேண்டியிருப்பதால் மூச்சு இழுக்கிற செலவு குறையும். இரண்டையும் ஒரே வண்டியில் செய்ய முடியாது, நான் இரண்டையும் விட்டுவிட்டுத் தொழிற்சாலைக் குழாயையே வைத்திருக்கச் சொல்வேன். டயரும் அப்படி. ஒட்டுகிற டயர் உருளத் தயங்கும். இங்கே என் ஓட்டு பாதுகாப்புக்கு: 13 அங்குலத்தையே வைத்துக்கொண்டு நல்ல பிடிமானம் உள்ள டயர் போடுங்கள், அரை கிலோமீட்டர் மைலேஜ் போனால் போகட்டும். பிரேக்கும் அதே வகை. எஸ்ஐயில் பின்னாலும் டிஸ்க் இருந்தது, விஎக்ஸில் டிரம். 36 சதவீதம் எச்பி கூட்டியவர் பிரேக்குக்கு ஒன்றும் செய்யாமல் விடுவது சரியில்லை. குறைந்தபட்சம் நல்ல பேட், புது திரவம், புது ஹோஸ்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இந்த டி குடும்பம் அந்நியமில்லை. 1998-இல் வந்த முதல் ஹோண்டா சிட்டியும், பிறகு 106 எச்பியோடு வந்த சிட்டி விடெக்கும் இதே வம்சம். 2003-இல் புது சிட்டி வெறும் 77 எச்பி ஐ-டிஎஸ்ஐ எஞ்சினோடு வந்தபோது பழைய சிட்டி பிரியர்கள் முகம் சுளித்தார்கள், மைலேஜுக்காக வாங்கியவர்கள் கொண்டாடினார்கள். ஆனால் விஎக்ஸில் செய்த மாதிரி எஞ்சினை இஷ்டத்துக்குத் தூக்கி மாற்ற இங்கே சட்டம் இடம் கொடுக்காது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு உற்பத்தியாளர் தந்த அடிப்படை விவரங்களை மாற்றத் தடை விதிக்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. கலிஃபோர்னியாவிலும் விதிகள் உண்டு: மாற்றும் எஞ்சின் வண்டியின் வருடத்ததாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்கவேண்டும், அதன் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் முழுதாகக் கூடவே வரவேண்டும்.

ஆக, வெளிநாட்டில் இருக்கும் நம்மவர் யாராவது இந்த மாற்றத்துக்காக விஎக்ஸ் ஒன்றைத் தேடினால், பார்க்கவேண்டியது எஞ்சின் இல்லை, அது எப்படியும் வெளியே வரப்போகிறது. துரு எங்கே ஏறியிருக்கிறது என்று பின் சக்கர வளைவுகளைப் பாருங்கள். பிறகு ஐந்தாவது கியரில் 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டி டாக்கோமீட்டரைப் பாருங்கள். அந்த 13 அங்குலச் சக்கரத்தில் முள் 2150 பக்கம் நின்றால் கியர்பாக்ஸ் விஎக்ஸுடையதுதான். 3000 பக்கம் நின்றால் யாரோ ஏற்கெனவே மாற்றிவிட்டார்கள், விலையைக் குறைத்துக் கேளுங்கள் அல்லது அடுத்த வண்டியைப் பாருங்கள்.